சூரியக் குமிழியின் விளிம்பு வரை: காஸ்மிக் கதிர்களின் ஆற்றல் மாறுவதைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காஸ்மிக் கதிர்கள் என்பவை விண்வெளியில் பெரும் வேகத்தில் பாயும் மின்னூட்டமுள்ள துகள்கள். சூரியனை விட்டு வெளியே போகப் போக அவற்றின் ஆற்றல் கூடுமா, குறையுமா? இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. எந்த ஆற்றலில் இருக்கும் துகளைக் கேட்கிறீர்கள், எந்த ஆண்டில் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டாக வேண்டும். 10 எம்.இ.வி. புரோட்டானுக்கு ஒரு கதை, 100 ஜி.இ.வி. புரோட்டானுக்கு வேறு கதை (இந்த ஆற்றல் அலகுகளைப் படி 1-ல் பார்ப்போம்). முதலாவது சூரியக் குடும்பத்தின் வெளிப்புறத்தில் தலைகீழாக மாறும். இரண்டாவது சூரியன் இருப்பதையே ஏறக்குறைய கவனிக்காமல் கடந்து போகும்.

சூரியக் குடும்பத்தின் விளிம்பைத் தாண்டிப் போன நாசாவின் வாயேஜர் விண்கலங்களின் அளவீடுகளில் வரைந்த வரைபடம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, "இந்த மேடு எதனால், இந்தப் பள்ளம் எதனால்" என்று நீங்களே சொல்ல வேண்டும். இந்த வழிகாட்டியின் நோக்கம் அவ்வளவுதான். பள்ளி இயற்பியல் நினைவிருந்தால் போதும்.

படி 1: அளவுகோலைச் சரிசெய்யுங்கள்

எம்.இ.வி. என்றால் பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட். ஜி.இ.வி. அதைப்போல ஆயிரம் மடங்கு. ஒரு புரோட்டானின் நிறையை ஆற்றலாக எழுதினால் 938 எம்.இ.வி. வரும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கணக்குப் போடும்போது தேவைப்படும்.

தூரத்துக்கு வானியல் அலகு. பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரம், சுமார் 15 கோடி கிலோமீட்டர், ஓர் அலகு. வியாழன் 5 அலகு தூரத்தில் இருக்கிறது, சனி 9.5, நெப்டியூன் 30. நம் கதையின் முக்கியமான பகுதி 80 அலகுக்கு அப்பால்தான் தொடங்குகிறது. நெப்டியூனோடு சூரியக் குடும்பம் முடிந்துவிட்டது என்று பள்ளிப் படத்தில் பார்த்த நினைப்பை இங்கேயே கழற்றி வைத்துவிடுங்கள்.

பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு. கன அணுக்கருக்களின் ஆற்றலை வரைபடங்களில் "நியூக்ளியான் ஒன்றுக்கு" என்று போட்டிருப்பார்கள். நியூக்ளியான் என்றால் கருவிலுள்ள ஒரு புரோட்டான் அல்லது நியூட்ரான். ஆக்சிஜன் கருவில் 16 நியூக்ளியான்கள். நியூக்ளியான் ஒன்றுக்கு 10 எம்.இ.வி. என்றால் அந்த ஆக்சிஜனின் மொத்த ஆற்றல் 160 எம்.இ.வி. அச்சின் பெயரைப் படிக்காமல் கோட்டைப் படித்தால் 16 மடங்கு பிழை வந்து சேரும்.

படி 2: குமிழியின் வரைபடத்தை மனதில் போடுங்கள்

சூரியனிலிருந்து மின்னூட்டமுள்ள துகள்கள் ஓயாமல் வெளியே வீசுகின்றன. இதுதான் சூரியக் காற்று. அது ஊதி வைத்திருக்கும் பெரிய வெளியைத்தான் சூரியக் குமிழி என்கிறேன். சராசரி வேகம் நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர். இப்படி ஒரு காற்று வீசியே ஆக வேண்டும் என்று 1958-ல் இயற்பியலாளர் யூஜின் பார்க்கர் கணக்குப் போட்டு எழுதியபோது, கட்டுரையைப் பரிசீலித்த இருவருமே அதை நிராகரித்தார்கள். இதழின் ஆசிரியராக இருந்தவர் நம் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அந்தக் கருத்தில் உடன்பாடு இல்லை. ஆனால் கணிதத்தில் தவறு எதையும் காணாததால் அச்சுக்கு அனுப்பிவிட்டார். சில ஆண்டுகளில் விண்கலங்கள் அந்தக் காற்றை நேரிலேயே அளந்தன.

இந்தக் காற்று தன்னோடு சூரியனின் காந்தப்புலத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. சூரியன் சுழல்வதால் புலக்கோடுகள் சுருளாக வளைந்துவிடும். பூமிக்கு அருகே சூரியனிலிருந்து வரும் நேர்கோட்டுக்கு ஏறக்குறைய 45 பாகை சாய்ந்திருக்கும் புலம், சனியைத் தாண்டிய பிறகு அநேகமாகக் குறுக்குவாட்டாகவே கிடக்கும். நேராக வெளியே போகும் பாதை இல்லை. வெளியிலிருந்து உள்ளே வரவும் இல்லை. காஸ்மிக் கதிர் உள்ளே நுழையத் திண்டாடுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

காற்று எங்கேயாவது நின்றாக வேண்டும் அல்லவா? விண்மீன்களுக்கு இடையே பரவியிருக்கும் வாயு எதிரே அழுத்துகிறது. சமையலறைத் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டுப் பாருங்கள். தண்ணீர் விழுந்த இடத்தைச் சுற்றி மெல்லிய படலமாக வேகமாக ஓடும், கொஞ்சம் தள்ளி ஒரு வட்டத்தில் சட்டென்று தடித்து மெதுவாகும். சூரியக் காற்றும் அப்படித்தான். அது சட்டென்று வேகம் குறையும் இடத்தை இங்கே அதிர்ச்சி எல்லை என்று சொல்கிறேன். வாயேஜர் 1 அதை 2004 டிசம்பர் 16 அன்று 94 அலகு தூரத்தில் கடந்தது. வாயேஜர் 2 வேறு திசையில் போனது. 2007 ஆகஸ்ட் கடைசியில், 84 அலகிலேயே அதற்கு எல்லை வந்துவிட்டது. ஆக, குமிழி கச்சிதமான உருண்டை இல்லை.

அதிர்ச்சி எல்லைக்கு வெளியே தடித்த, மெதுவான, கலங்கிய பகுதி. அதை உறை என்போம். உறையின் வெளித்தோல் ஹீலியோபாஸ். அதுவரைதான் சூரியனின் காற்று, அதற்கு அப்பால் விண்மீனிடைவெளி. வாயேஜர் 1 அதைத் தாண்டியது 2012 ஆகஸ்ட் 25 அன்று, கிட்டத்தட்ட 122 அலகில். வாயேஜர் 2 தாண்டியது 2018 நவம்பர் 5 அன்று, 119 அலகில்.

சரி, மேடை தயார்.

படி 3: எந்தத் துகள் எங்கிருந்து வருகிறது என்று பிரியுங்கள்

எல்லாவற்றையும் "காஸ்மிக் கதிர்" என்று ஒரே கூடையில் போட்டால் எந்த வரைபடமும் புரியாது. புறச் சூரியக் குடும்பத்தில் மூன்று கூட்டங்கள் முக்கியமானவை.

முதலாவது, பால்வீதியிலிருந்து வருபவை. விண்மீன் வெடிப்பின் அதிர்ச்சி அலைகளில் முடுக்கப்பட்டு, கோடி ஆண்டுக் கணக்கில் அலைந்து திரிந்து வரும் அணுக்கருக்கள். பத்தில் ஒன்பது புரோட்டான், மிச்சத்தில் பெரும்பாலும் ஹீலியம், நூற்றில் ஒன்று அதைவிடக் கனமானவை. இவை வெளியிலிருந்து உள்ளே வருபவை. அதனால் வெளியே போகப் போக எண்ணிக்கை கூடும்.

இரண்டாவது, சூரியனில் வெடிப்புகள் நிகழும்போது வீசுபவை. இவை உள்ளிருந்து வெளியே போகின்றன, தூரம் கூடக் கூட நீர்த்துப் போகின்றன. 80 அலகுக்கு அப்பால் பெரிதாகக் கணக்கில் வராது என்பதால் இதோடு விட்டுவிடலாம்.

மூன்றாவது கூட்டம்தான் சுவாரசியமானது. 1970-களின் தொடக்கத்தில் வரைபடங்களில், நியூக்ளியான் ஒன்றுக்குச் சுமார் 10 எம்.இ.வி. பக்கத்தில் ஒரு விசித்திரமான வீக்கம் தெரிந்தது. ஹீலியம், நைட்ரஜன், ஆக்சிஜன், நியான் எல்லாம் எதிர்பார்த்ததைவிட அதிகம். கார்பன் மட்டும் இல்லை. ஏன்? 1974-ல் ஃபிஸ்க், கோஸ்லோவ்ஸ்கி, ராமாட்டி மூவரும் ஒரு விளக்கம் தந்தார்கள். விண்மீனிடைவெளியிலிருந்து மின்னூட்டமற்ற அணுக்கள் குமிழிக்குள் மிதந்து வருகின்றன. மின்னூட்டம் இல்லாததால் காந்தப்புலம் அவற்றைத் தடுப்பதில்லை. உள்ளே வந்தபின் சூரிய ஒளியிலோ சூரியக் காற்றுடன் மோதியோ ஓர் எலக்ட்ரானை இழந்து அயனியாகின்றன. உடனே காந்தப்புலம் அவற்றை அள்ளிக்கொண்டு வெளியே போய் எங்கோ முடுக்குகிறது. கார்பன் வெளியிலேயே பெரும்பாலும் அயனியாகிக் கிடப்பதால் உள்ளே மிதந்து வரவே முடியாது. ஆளைக் காணோம் என்பதே துப்பாகிவிட்டது. இவற்றை முரண் காஸ்மிக் கதிர்கள் என்று இங்கே அழைக்கிறேன்.

இந்த விளக்கம் சரியென்றால் அந்த ஆக்சிஜன் ஒரே ஓர் எலக்ட்ரானைத்தான் இழந்திருக்க வேண்டும். அதைச் சோதிக்க இந்தியாவும் இறங்கியது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அனுராதா என்ற கருவி 1985-ல் சேலஞ்சர் விண்ணோடத்தில், ஸ்பேஸ்லேப் 3 பயணத்தில் பறந்தது. யோசனை எளிது: குறைந்த மின்னூட்டமுள்ள துகளைப் பூமியின் காந்தப்புலம் அவ்வளவாக வளைக்க முடியாது. ஆகவே முழுக்க உரிந்த கரு எட்ட முடியாத இடம் வரைக்கும் அது வந்துவிடும். 1992-ல் ஏவப்பட்ட சாம்பெக்ஸ் செயற்கைக்கோளும் இதே உத்தியால் ஒற்றை மின்னூட்டத்தை உறுதி செய்தது.

எலக்ட்ரான்களுக்கு ஓர் எச்சரிக்கை. பூமிக்கு அருகே சில எம்.இ.வி. ஆற்றலில் எலக்ட்ரானைப் பார்த்தால் அதைப் பால்வீதியிலிருந்து வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது வியாழனின் காந்தமண்டலம் துப்பியது. 1973-ல் பயனியர் 10 விண்கலம் வியாழனை நெருங்கியபோது தெரியவந்த விஷயம் இது.

படி 4: உள்ளே வரும் துகள் என்ன பாடு படுகிறது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நின்று நிதானமாகப் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பால்வீதிப் புரோட்டான் ஒன்று ஹீலியோபாஸைத் தாண்டி உள்ளே வர முயல்கிறது. அதற்கு நான்கு விஷயங்கள் நடக்கின்றன.

ஒன்று, காந்தப்புலத்தின் முடிச்சுகளில் மோதி மோதித் தடுமாறித் திசை மாறுகிறது. திருவிழாக் கூட்டத்தில் தேரை நோக்கி நகர்வது போல. இரண்டு, அந்த முடிச்சுகள் எல்லாமே சூரியக் காற்றோடு வெளியே ஓடிக்கொண்டிருப்பதால், துகளையும் வெளியே தள்ளுகின்றன. மூன்று, புலக்கோடுகளின் பெரிய வளைவுகளில் துகள் ஒரு பக்கமாக வழுக்கிப் போகிறது. எந்தப் பக்கம் என்பது துகளின் மின்னூட்டத்தையும் சூரியனின் வடதுருவம் அப்போது எந்தக் காந்த முகத்தைக் காட்டுகிறது என்பதையும் பொறுத்தது.

நான்காவதுதான் நம் கேள்வியின் மையம்: ஆற்றல் இழப்பு. தெருக் கிரிக்கெட்டில் வேகமாக வரும் பந்தை மட்டையைப் பின்னுக்கு இழுத்தபடி தொட்டால் பந்து காலடியிலேயே செத்து விழும். எதிர்த்து அடித்தால் பறக்கும். சூரியக் காற்று விரிந்துகொண்டே போவதால் அதிலுள்ள காந்த முடிச்சுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே இருக்கின்றன. அவற்றுக்கு இடையே எகிறிக் குதிக்கும் புரோட்டானுக்கு ஒவ்வொரு மட்டையும் பின்வாங்கும் மட்டைதான். ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் இழக்கும். சைக்கிள் டியூபின் காற்றைத் திறந்துவிட்டால் வால்வு சில்லிட்டுப் போவதும் இதே காரணத்தால்தான்.

இந்த இழப்பு எவ்வளவு வேகமாக நடக்கிறது? எளிய கணக்கு உண்டு. மெதுவான, அதாவது 938 எம்.இ.வி.யைவிட மிகக் குறைந்த ஆற்றலுள்ள புரோட்டானுக்கு, ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்க ஆகும் காலம்: தூரத்தை மூன்றால் பெருக்கி, காற்றின் வேகத்தின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். பூமியின் தூரத்தில் 400 கிலோமீட்டர் வேகத்துக்கு இது மூன்றேகால் நாள். 50 அலகில் இதுவே 160 நாட்களுக்கு மேல். காற்று விரியும் வீதம் தூரத்துக்குத் தூரம் மந்தமாவதால், குளிர்ச்சி சூரியனுக்கு அருகில்தான் கடுமையாக இருக்கும்.

உறைக்குள் வந்தால்? அங்கே காற்று மெதுவாகி, கிட்டத்தட்ட அமுங்கவோ விரியவோ செய்யாத திரவம் போல ஓடுகிறது. மட்டைகள் பின்வாங்குவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அதனால் உறையில் துகள் ஆற்றலை அதிகம் இழக்காது, ஆனால் வழி கிடைக்காமல் திணறும். கலங்கிய புலம் அங்கே ஒரு தடுப்புச் சுவராகவே வேலை செய்கிறது. எண்ணிக்கை குறைவதும் ஆற்றல் குறைவதும் வேறு வேறு என்பதை இங்கே பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். வரைபடத்தின் செங்குத்து அச்சு எண்ணிக்கையைத்தான் காட்டுகிறது. ஆற்றல் இழப்பு அதில் நேரடியாகத் தெரியாது. கோடு முழுவதும் இடப்பக்கம் தள்ளப்படுவதாகத்தான் தெரியும்.

இதன் விளைவு கொஞ்சம் திகைப்பூட்டுவது. பூமிக்கு அருகே 20 எம்.இ.வி. பால்வீதிப் புரோட்டான் ஒன்றைப் பிடித்தால், அது வெளியே 20 எம்.இ.வி.யாக இருந்த புரோட்டான் அல்ல. வெளியே சில நூறு எம்.இ.வி.யாக இருந்து, வழியெல்லாம் இழந்து வந்தது. வெளியே உண்மையிலேயே 20 எம்.இ.வி.யாக இருந்தவை இங்கே வந்து சேரவே இல்லை.

படி 5: சின்னக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள்

1968-ல் கிளீசன், ஆக்ஸ்ஃபர்ட் என்ற இரு இயற்பியலாளர்கள் மேலே சொன்ன குழப்பத்தையெல்லாம் ஒரே எண்ணில் சுருக்கினார்கள். அந்த எண்ணைப் பண்பேற்ற அழுத்தம் என்று வைத்துக்கொள்ளலாம். அலகு மெகாவோல்ட். சூரியன் அமைதியாக இருக்கும் ஆண்டுகளில் பூமிக்கு அருகே 400 பக்கம் இருக்கும், சுறுசுறுப்பான ஆண்டுகளில் 1,000-ஐ ஒட்டியோ அதைத் தாண்டியோ போகும்.

பயன்படுத்தும் விதம் இது. அழுத்தம் 500 என்று வையுங்கள். பூமியில் 100 எம்.இ.வி.யாக இருக்கும் புரோட்டான் வெளியே சராசரியாக 600 எம்.இ.வி.யாக இருந்தது. அடுத்து, ஒவ்வோர் ஆற்றலுக்கும் ஓர் எடை: ஆற்றலை, "ஆற்றல் கூட்டல் 1,876" என்பதால் பெருக்க வேண்டும். 1,876 என்பது 938-இன் இரு மடங்கு.

பூமியில்: 100 × 1,976 = 1,97,600.
வெளியே: 600 × 2,476 = 14,85,600.

முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.13. அதாவது வெளியே 600 எம்.இ.வி.யில் நூறு புரோட்டான் எண்ணும் கருவி, பூமியில் 100 எம்.இ.வி.யில் பதின்மூன்றுதான் எண்ணும்.

இதே கணக்கை அழுத்தம் 100 மட்டுமே மிச்சமிருக்கும் ஒரு தொலைவிடத்துக்குப் போடுங்கள். 100 எம்.இ.வி. துகள் வெளியே 200 ஆக இருந்தது. விகிதம் 0.48. வெளியே போகப் போகக் குறைந்த ஆற்றல் பக்கம் எப்படி நிரம்புகிறது என்பது கையிலேயே கிடைத்துவிட்டது.

இப்போது உயர் ஆற்றல். 10 ஜி.இ.வி. புரோட்டானுக்கு, அழுத்தம் 500-க்கு, எடை விகிதம் 0.91. அதோடு 10.5 ஜி.இ.வி.யில் துகள்களே 10-ஐவிடச் சற்றுக் குறைவு என்பதையும் சேர்த்தால் மொத்தத்தில் சுமார் 20 சதவீதம் குறைகிறது. 100 ஜி.இ.வி.யில் இந்தக் குறைவு 2 சதவீதம்தான். அதற்கும் மேலே கவலைப்பட ஒன்றுமில்லை.

ஒரு சரிபார்ப்பும் செய்யலாம். காந்தப்புலத்தில் துகள் சுற்றும் வட்டத்தின் ஆரத்தைப் பாருங்கள். 433 எம்.இ.வி. புரோட்டான், உறையில் இருப்பது போன்ற 0.1 நானோடெஸ்லா புலத்தில், சுமார் 0.22 அலகு ஆரமுள்ள வட்டம் போடும். 120 அலகுக் குமிழிக்குள் அது சின்ன வட்டம், சிக்கிக்கொள்ளும். 10 லட்சம் ஜி.இ.வி. துகளுக்கு அதே புலத்தில் ஆரம் இரண்டு லட்சம் அலகைத் தாண்டும். குமிழி அதற்கு வழியில் கிடக்கும் கூழாங்கல் மாதிரி.

இந்தச் சூத்திரத்துக்கு வரம்பு உண்டு. பூமிக்கு அருகே, நூறு எம்.இ.வி.க்கு மேல், நன்றாகவே வேலை செய்யும். புறப்பகுதியில் குறைந்த ஆற்றலுக்குத் தடுமாறும். அங்கே பார்க்கர் 1965-ல் எழுதிய முழுச் சமன்பாட்டைக் கணினியில் தீர்ப்பதுதான் வழி. ஆனாலும் உள்ளுணர்வு வளர்க்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை.

படி 6: தூரத்தையும் காலத்தையும் பிரியுங்கள்

நான் முதன்முதலில் வாயேஜர் எண்ணிக்கையைத் தூரத்துக்கு எதிராக வரைந்து பார்த்தபோது, 1980-களின் கடைசியில் ஒரு மேடும் உடனே ஒரு சரிவும் தெரிந்தன. "ஓ, 30 அலகில் ஏதோ ஒரு சுவர் இருக்கிறது போல" என்று நினைத்தேன். சுவரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. 1987-ல் சூரியன் அமைதியாக இருந்தது, பிறகு விழித்துக்கொண்டது. அவ்வளவுதான்.

விண்கலம் நகர்ந்துகொண்டே அளக்கிறது. ஆண்டுக்கு 3.6 அலகு வேகத்தில் போகும் வாயேஜர் 1, சூரியனின் சுறுசுறுப்பு கூடிக் குறையும் பதினோரு ஆண்டுச் சுழற்சி ஒன்றுக்குள் 40 அலகு கடந்துவிடும். ஆகவே அதன் கோட்டில் தூரமும் காலமும் பின்னிக் கிடக்கும். பிரிப்பதற்கு ஒரே வழி, அதே நாளில் வேறிடத்தில் அளந்த இன்னொரு விண்கலத்தோடு ஒப்பிடுவது. பூமிக்கு அருகே ஐஎம்பி 8, வெளியே பயனியர் 10, 11, இரு வாயேஜர்கள், துருவங்களின் மேலே பறந்த யுலிசிஸ் என்று ஒரே காலத்தில் பல கலங்கள் இயங்கியது பெரிய அதிர்ஷ்டம். அந்த ஒப்பீடுகளில் கிடைத்த விடை: நூறு எம்.இ.வி. அளவிலும் அதற்கு மேலும் உள்ள துகள்களின் எண்ணிக்கை அலகுக்குச் சில சதவீதம் என்ற மெதுவான வீதத்தில் வெளியே போகப் போக ஏறுகிறது.

காலத்தைக் கணக்கிடும்போது தாமதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சூரியக் காற்று ஓர் அலகைக் கடக்க நான்கு நாளுக்குச் சற்று மேல் ஆகும். 90 அலகுக்கு ஓராண்டைத் தாண்டும். சூரியனில் நேற்று நடந்தது வாயேஜருக்கு அடுத்த ஆண்டுச் செய்தி.

இன்னொரு சிக்கல், பதினோரு ஆண்டுக்குள் ஒளிந்திருக்கும் இருபத்திரண்டு. சூரியனின் காந்தத் துருவங்கள் ஒவ்வொரு சுழற்சியிலும் தலைகீழாவதால், நேர்மின் துகள்கள் ஒருமுறை துருவ வழியாகவும் அடுத்த முறை நடுக்கோட்டு வழியாகவும் உள்ளே வழுக்கி வருகின்றன. பூமியில் பதிவான காஸ்மிக் கதிர் மேடுகள் ஒன்று தட்டையாகவும் அடுத்தது கூராகவும் மாறி மாறி வருவது இதனால்தான். 1996-ல் தட்டை. 1987-லும் 2009-லும் கூர். அதிலும் 2009-ல் சூரியன் அசாதாரணமாக உறங்கிப் போனது. விண்வெளி யுகத்தின் ஐம்பது ஆண்டுகளில் கண்டதைவிட 19 சதவீதம் அதிகமாகக் காஸ்மிக் கதிர்கள் வந்தன.

படி 7: பூமியிலிருந்து புறப்பட்டு நடந்து பாருங்கள்

பூமி. இங்கே தரையில் நின்று இந்தக் கதையின் பெரும்பகுதியைப் பார்க்கவே முடியாது. ஊட்டியிலுள்ள கிரேப்ஸ் 3 ஆய்வகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், ஏறக்குறைய 17 ஜி.இ.வி.க்குக் கீழே உள்ள புரோட்டான்களைப் பூமியின் காந்தப்புலம் அங்கே நேர் மேலிருந்து வரவிடுவதில்லை. சூரியப் புயல்கள் உயர் ஆற்றல் கதிர்களை அசைப்பதை மியூவான்களைக் கொண்டு (காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதுவதால் பிறக்கும் துகள்கள்) மிக நுட்பமாக அளக்க அது அருமையான இடம். 100 எம்.இ.வி. கதைக்கு விண்கலம்தான் வேண்டும். பூமிக்கு அருகே விண்வெளியில், பால்வீதிப் புரோட்டான்களின் எண்ணிக்கை சில நூறு எம்.இ.வி. அருகே உச்சம் தொட்டு, அதற்குக் கீழே சரிகிறது.

வியாழன், சனி. கோள்களின் அருகே போனால் கணக்கு கலங்கும், ஏனெனில் அவற்றின் காந்தமண்டலங்களே துகள்களைச் சிறைப்பிடிக்கின்றன. சனியின் கதை அழகானது. காஸ்மிக் கதிர்கள் அதன் வளையங்களிலும் வளிமண்டலத்திலும் மோதி நியூட்ரான்களைத் தெறிக்க வைக்கின்றன. அவை சிதைந்து பிறக்கும் புரோட்டான்கள் கதிர்வீச்சுப் பட்டையாகச் சுற்றுகின்றன. காசினி விண்கலம் 2017-ல் தன் கடைசி மாதங்களில் வளையங்களுக்கும் சனிக்கும் நடுவே பாய்ந்தபோது அங்கேயும் அப்படி ஒரு சிறு பட்டையைக் கண்டது. சனியின் நிலவான டைட்டனின் வளிமண்டலத்தில் 60 கிலோமீட்டர் உயரத்துக்கு அருகே ஹைகன்ஸ் ஆய்வுக்கலம் 2005-ல் உணர்ந்த மின்கடத்தும் அடுக்கும் காஸ்மிக் கதிர்கள் உண்டாக்கியதுதான்.

நெப்டியூனிலிருந்து 80 அலகு வரை. நீண்ட, சலிப்பான சாலை. எல்லாம் மெதுவாக ஏறும். முரண் கதிர்களும் கூடவே ஏறும்.

அதிர்ச்சி எல்லை. 2002-ல், 85 அலகு அருகே, வாயேஜர் 1-ல் குறைந்த ஆற்றல் துகள்கள் திடீரென்று பொங்கின. எல்லையைத் தாண்டிவிட்டது என்றது ஒரு குழு, இல்லை, நெருங்குகிறது என்றது இன்னொரு குழு. 2003 நவம்பரில் இரு கட்டுரைகளும் ஒரே இதழில் அடுத்தடுத்து வந்தன! 2004-ல் உண்மையான எல்லை வந்தபோது வேறொரு ஏமாற்றம் காத்திருந்தது. முரண் கதிர்கள் அங்கேதான் முடுக்கப்படுகின்றன என்பது பாடநூல் விடை. அப்படியானால் எல்லையில் அவற்றின் எண்ணிக்கை உச்சம் தொட வேண்டும். தொடவில்லை. உறைக்குள் போகப் போகத்தான் ஏறியது.

ஏன் என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் உண்டு. மெக்காமஸ், ஷ்வாட்ரன் என்ற ஆய்வாளர்கள் 2006-ல் சொன்னது: எல்லை மொண்ணையான மூக்கு மாதிரி இருப்பதால், முடுக்கத்துக்குத் தேவையான நேரம் மூக்கு நுனியில் கிடைக்காது, பக்கவாட்டில்தான் கிடைக்கும். வாயேஜர்கள் மூக்குப் பக்கம் போய்விட்டன. வேறு சிலர், உறைக்குள் காந்தப்புலக் கோடுகள் அறுந்து மறுபடி இணைவதால் முடுக்கம் நடக்கிறது என்கிறார்கள். எனக்கு முதல் விளக்கம் எளிமையாகப் படுகிறது. ஆனால் விவாதம் முடிந்துவிடவில்லை.

உறை. காற்று தள்ளாடுகிறது. வாயேஜர் 1-ன் பாதையில் 2010-ல் அதன் வெளிநோக்கிய வேகம் பூஜ்யமே ஆகிவிட்டது. பால்வீதித் துகள்கள் மளமளவென ஏறின, குறிப்பாகக் குறைந்த ஆற்றல் எலக்ட்ரான்கள்.

படி 8: 2012-ன் கோட்டை வாசியுங்கள்

இப்போது பரீட்சை. இரண்டு கோடுகள் இருக்கின்றன. ஒன்று 70 எம்.இ.வி.க்கு மேற்பட்ட துகள்களின் எண்ணிக்கை. மற்றது சூரியக் குமிழிக்கே சொந்தமான, ஓரிரு எம்.இ.வி.யும் அதற்குக் கீழும் உள்ள துகள்கள்.

முதல் கோடு 2009 ஜனவரியிலிருந்து 2012 ஜனவரி வரை நிதானமாகச் சுமார் 25 சதவீதம் ஏறியது. 2012 மே மாதத்தில் ஒரே மாதத்தில் 9 சதவீதம். ஜூலை 28 அன்று இரண்டாவது கோடு சட்டென்று விழுந்து, சில நாளில் மீண்டும் எழுந்தது. ஆகஸ்ட் 14-ஐ ஒட்டி மறுபடி அதே கூத்து. ஆகஸ்ட் 25 அன்று விழுந்தது, எழவே இல்லை. ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. அதே நேரம் முதல் கோடு ஒரு படி ஏறி அப்படியே தட்டையாக நின்றது.

இதுவரை படித்ததை வைத்துச் சொல்லுங்கள்: என்ன நடந்தது? உள்ளூர்த் துகள்கள் ஓடிவிட்டன, வெளியூர்த் துகள்கள் தடையின்றி வருகின்றன. தோலைத் தாண்டியாயிற்று.

ஆனால் அறிவிக்க ஓராண்டு பிடித்தது. வெளியே வந்திருந்தால் காந்தப்புலத்தின் திசை திரும்பியிருக்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அது திரும்பவில்லை. சூழ்ந்திருக்கும் பிளாஸ்மாவின், அதாவது மின்னூட்டமுள்ள வாயுவின், அடர்த்தியை நேரடியாக அளக்கும் கருவியோ வாயேஜர் 1-ல் 1980-லேயே பழுதாகிவிட்டது. கடைசியில் சூரியனே உதவியது. 2012 மார்ச்சில் வெடித்துக் கிளம்பிய அலை ஏறக்குறைய 400 நாள் பயணித்து 2013 ஏப்ரலில் அங்கே சேர்ந்து, சுற்றியிருந்த பிளாஸ்மாவை மணி போல அதிரவைத்தது. அந்த அதிர்வெண்ணிலிருந்து வாயேஜரின் பிளாஸ்மா அலைக் கருவியை வழிநடத்திய டான் கர்னெட்டின் குழு அடர்த்தியைக் கணக்கிட்டது: கன சென்டிமீட்டருக்கு 0.08 எலக்ட்ரான். உறைக்குள் இருப்பதைப்போலப் பல பத்து மடங்கு. 2013 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது.

வெளியே வந்தபின் கண்ட பால்வீதிப் புரோட்டான் கோடு, பூமியில் பார்ப்பதிலிருந்து வெகு தூரம் விலகியது. உச்சம் சில நூறு எம்.இ.வி.யில் இல்லை, 10-லிருந்து 50 எம்.இ.வி. வரையில் இருந்தது. 3 எம்.இ.வி. வரைக்கும் அளக்க முடிந்தது. காஸ்மிக் கதிர்களில் பொதிந்திருக்கும் மொத்த ஆற்றல் கன சென்டிமீட்டருக்கு 0.83-லிருந்து 1.02 எலக்ட்ரான் வோல்ட் என்று முதன்முறையாக நேரடி அளவீட்டின் அடிப்படையில் சொல்ல முடிந்தது. அதைவிட முக்கியம், அதன்பின் தூரத்தோடு ஏற்றம் தெரியவில்லை. ஏறுவதற்கு இனி ஒன்றும் பாக்கியில்லை.

2018-ல் வாயேஜர் 2 கடந்தபோது எல்லை இன்னும் கூர்மையாக, ஒரு நாளுக்குள் தெரிந்தது. ஆனால் ஒரு வேறுபாடு. வாயேஜர் 1-ன் பக்கம் தோலுக்கு உள்ளேயே வெளியூர்த் துகள்கள் ஊடுருவியிருந்தன. வாயேஜர் 2-ன் பக்கம் தோலைத் தாண்டிய பிறகும் உள்ளூர்த் துகள்கள் கொஞ்ச காலம் கசிந்துகொண்டிருந்தன. ஒரே தோல், இரண்டு விதமான ஓட்டை.

படி 9: தரவை நீங்களே எடுக்கும்போது

வாயேஜரின் காஸ்மிக் கதிர்த் தரவுகளை நாசா பொதுவில் வைத்திருக்கிறது. எடுத்தவுடன் வரைந்துவிடாமல் சிலவற்றைப் பாருங்கள். "70 எம்.இ.வி.க்கு மேல்" என்ற எண்ணிக்கை ஓர் ஆற்றலின் அளவு அல்ல, 70-க்கு மேலுள்ள எல்லாவற்றின் கூட்டு. ஆகவே அதில் ஆற்றல் இழப்பைத் தேடாதீர்கள். முரண் கதிர்களைத் தனியாகப் பார்க்க வேண்டுமானால் ஹீலியம் அல்லது ஆக்சிஜனை எடுங்கள். புரோட்டானில் எல்லாம் கலந்து கிடக்கும். சில நூறு எம்.இ.வி.க்கு மேலே வாயேஜரிடம் கேட்காதீர்கள். அது மெல்லிய சிலிக்கான் வில்லைகளில் துகளை நிறுத்தியும் ஊடுருவவிட்டும் அளக்கும் சிறு கருவி. உயர் ஆற்றலுக்குப் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2011 முதல் இருக்கும் ஏஎம்எஸ் 02 என்ற துகள் கருவியின் அளவீடுகளை எடுத்து, வாயேஜர் கோட்டின் வலப்பக்கம் ஒட்டிக்கொள்ளுங்கள். நடுவில் விழும் இடைவெளியை மாதிரிக் கணக்குகளால்தான் நிரப்ப வேண்டியிருக்கும்.

கடைசியாக, நாளைக் கவனியுங்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்த வாயேஜர் 1-ன் காஸ்மிக் கதிர்க் கருவி 2025 பிப்ரவரி 25 அன்று அணைக்கப்பட்டுவிட்டது. வாயேஜர் 2-ல் அதே மாதிரிக் கருவியை விட்டுவைத்து, குறைந்த ஆற்றல் துகள் கருவியை மார்ச் 24 அன்று அணைக்கத் திட்டமிட்டார்கள். ஆகவே இரு கலங்களிலும் ஒரே மாதிரிக் காஸ்மிக் கதிர்க் கருவியை வைத்து, ஒரே நாளில், இரண்டு திசைகளை ஒப்பிடும் வசதி 2025 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. படி 6-ல் சொன்ன ஒப்பீட்டைச் செய்து பார்க்க விரும்பினால் 2019-லிருந்து 2024 வரையிலான தரவை எடுங்கள். இரண்டு கலங்களும் வெளியே இருந்து, இரண்டும் எண்ணிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை.